ஒரே துண்டுப்பிரசுரத்துக்கு ஏன் இரண்டு விலை? சிறு வணிகங்களுக்கான அச்சு முறைகள் பற்றிய விளக்கம்

திருகோணமலை நகரில் ஒரு புதிய உணவகம் திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 500 துண்டுப்பிரசுரங்களுக்கு இரண்டு அச்சகங்களில் விலை கேட்கிறார். ஓர் அச்சகம் சொல்லும் தொகை மற்றதன் தொகையைப் போல இரண்டு மடங்காக இருக்கிறது. இரு அச்சகங்களிலும் 5,000 பிரதிகளுக்குக் கேட்டால், முன்பு விலை குறைந்திருந்த அச்சகத்தின் விலைதான் இப்போது கூடுதலாக வருகிறது. இதைக் காண்பவர் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். பெரும்பாலான இடங்களில் உண்மை அதுவன்று. இரு அச்சகங்களும் ஒரே பொருளை வெவ்வேறு முறைகளில் அச்சிடுகின்றன. ஒவ்வொரு முறைக்கும் செலவு ஒவ்வொரு விதமாகக் கூடுகிறது.

அச்சுக்குச் செல்லும் பணம் பெரிதும் வீணாவது தரக்குறைவால் அன்று, பொருத்தமில்லாத முறையையும் தேவைக்கு மிஞ்சிய எண்ணிக்கையையும் தெரிவு செய்வதால்தான். எனவே எந்த முறை எப்படி இயங்குகிறது, அதிலிருந்து அதன் விலையும் ஆயுளும் எப்படி உருவாகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது பயன்தரும்.

விலையின் இரண்டு பாகங்கள்

எந்த அச்சு வேலையின் விலையையும் இரண்டாகப் பிரிக்கலாம்.

1. ஆரம்பச் செலவு. அச்சுத்தகடு செய்வது, திரை கட்டுவது, இயந்திரத்தைப் பொருத்திச் சரிபார்ப்பது, அப்போது கழிவாகும் தாள்கள் ஆகியவை இதில் அடங்கும். ஒரு பிரதி எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் இது ஏறத்தாழ மாறாது.

2. பிரதிச் செலவு. ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் கடதாசி, மை, இயந்திர நேரம் ஆகியவை. பிரதிகள் கூடக் கூட இதுவும் கூடும்.

கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போவதற்கும் பஸ்ஸில் ஆளுக்கொரு ரிக்கெற் எடுத்துப் போவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உண்டு. வான் கூலி ஒருவர் போனாலும் ஒன்றுதான், ஆட்கள் சேர்ந்தால் தலைக்கு விழும் பங்கு குறையும். தகடு செய்து அச்சிடும் ஓப்செற் முறை முதல் வகையைச் சேர்ந்தது, கணினியிலிருந்து நேரடியாக அச்சிடும் டிஜிட்டல் முறை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஏனைய முறைகள் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ அமர்கின்றன.

ஓப்செற்: தகடும் தண்ணீரும்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாதவை. 1796ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் இந்தத் தன்மையைப் பயன்படுத்திக் கல்லில் அச்சிடும் முறையைக் கண்டறிந்தார். இன்றைய ஓப்செற் இயந்திரமும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. மெல்லிய அலுமினியத் தகட்டில் எழுத்தும் படமும் உள்ள இடங்கள் எண்ணெய்த்தன்மை கொண்ட மையை ஏற்கின்றன, வெற்றிடங்கள் நீரை ஏற்று மையைத் தள்ளுகின்றன. தகட்டிலுள்ள மை முதலில் இறப்பர் உருளையொன்றில் பதிந்து, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. இறப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் சற்றுச் சொரசொரப்பான கடதாசியிலும் எழுத்து கூர்மையாக விழும்.

முழு வண்ண அச்சுக்கு நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் தேவை. அச்சுத் தொழிலில் இதைச் சி.எம்.வை.கே. என்பார்கள். நான்கு மைகள் என்றால் நான்கு தகடுகள். ஆரம்பச் செலவு உயர்வதற்கு முதற் காரணம் இதுவே. கடிதத்தலைப்பு போன்ற வேலைகளுக்கு நான்கு வண்ணம் அவசியமில்லை. நிறுவனத்தின் நிறத்தை ஒரே மையாகக் கலந்து கறுப்புடன் சேர்த்து இரண்டு தகடுகளில் முடித்துவிடலாம். செலவு குறைவதோடு, இந்த ஆண்டு அச்சிட்ட தலைப்பும் அடுத்த ஆண்டு அச்சிடுவதும் ஒரே நிறத்தில் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

சிறு நகரங்களின் அச்சகங்கள் பலவற்றில் ஒரு வண்ண அல்லது இரு வண்ண இயந்திரங்களே இருக்கின்றன. அங்கே நான்கு வண்ண வேலை என்றால் ஒரே தாள் இரண்டு முதல் நான்கு தடவை இயந்திரத்துக்குள் சென்று வரவேண்டும். கடதாசி காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும் தன்மை உடையது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் திருகோணமலையை ஈரமாக்கியிருக்கும்போது, முதல் வண்ணம் விழுந்த தாள் இரண்டாம் வண்ணத்துக்கு வருவதற்குள் ஒரு நூலிழை அளவு நீண்டுவிடலாம். அந்த நூலிழை போதும், எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல் தெரியும், முகப்படங்கள் மங்கலாகும். ஆகவே மழைக்காலத்தில் நான்கு வண்ண வேலையை அவசரப்படுத்தாமல் இருப்பது நல்லது. அதே போல ஓப்செற் மை காய நேரம் கேட்கும். காயாத தாள்களை அடுக்கி வெட்டினால் ஒரு தாளின் மை அடுத்த தாளின் பின்பக்கத்தில் ஒட்டும். நாளைக்கே வேண்டும் என்று நெருக்கிப் பெற்ற வேலைகளில் காணப்படும் கறைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

டிஜிட்டல்: தகடில்லா அச்சு

1938இல் அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் நிலைமின்னேற்றத்தைக் கொண்டு உலர்ந்த தூளைத் தாளில் ஒட்டவைக்கும் முறையைச் செய்து காட்டினார். போட்டோகொப்பி இயந்திரம், லேசர் பிறிண்டர், இன்றைய டிஜிட்டல் அச்சகங்களிலுள்ள பெரிய வண்ண இயந்திரங்கள் ஆகிய மூன்றும் அந்த வழியில் வந்தவை. தூள் நிலையிலுள்ள டோனர் தாளில் படிந்து, சூடான உருளைகளுக்கிடையில் உருகி ஒட்டிக்கொள்கிறது. தகடு கிடையாது, கணினியிலிருந்து கோப்பு நேரடியாக இயந்திரத்துக்குச் செல்கிறது. காயும் நேரமும் இல்லை.

இதன் விளைவுகள் மூன்று.

1. பத்துப் பிரதி கேட்டாலும் அச்சிடலாம். இறந்தவரின் 31ஆம் நாள் நினைவு மலர் போன்ற, எண்ணிக்கை குறைந்த, நாள் தள்ளிப்போட முடியாத வேலைகள் டிஜிட்டலுக்கு மாறியது இதனால்தான்.

2. ஒவ்வொரு பிரதியையும் வேறுபடுத்தலாம். சான்றிதழ்களில் பெயர், அழைப்பிதழ்களில் விருந்தினரின் பெயர், சீட்டுகளில் தொடரிலக்கம் ஆகியவற்றைக் கோப்பிலிருந்தே தனித்தனியாக அச்சிட முடியும். ஓப்செற் தகட்டால் இதைச் செய்ய இயலாது.

3. டோனர் தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே ஒரு படலமாக நிற்கிறது. எனவே தடித்த அட்டையில் கடும் நிறத்தை அச்சிட்டு மடித்தால் மடிப்பு ஓரத்தில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். உணவகத்தின் மடிப்பு மெனு அட்டைகளில் இது அடிக்கடி காணப்படும் குறை. மடிக்குமுன் இயந்திரத்தால் மடிப்புத் தடம் இடுவிப்பதும், மடிப்பு விழும் இடத்தில் கடும் நிறத்தைத் தவிர்ப்பதும் இதற்கான வழிகள்.

விலை திரும்பும் எண்ணிக்கை

எந்த எண்ணிக்கையில் ஓப்செற் மலிவாகிறது என்பதை எவரும் தாமே கணக்கிடலாம். கீழுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை, சந்தை விலைகள் அல்ல.

ஓப்செற்றுக்கு ஆரம்பச் செலவு 12,000 ரூபாய், பிரதிக்கு 4 ரூபாய் என்று கொள்வோம். டிஜிட்டலுக்கு ஆரம்பச் செலவு இல்லை, பிரதிக்கு 25 ரூபாய். ஆரம்பச் செலவை இரு பிரதிச் செலவுகளின் வேறுபாட்டால், அதாவது 21ஆல், வகுத்தால் ஏறத்தாழ 571 கிடைக்கிறது. 571 பிரதிகளுக்குக் கீழே டிஜிட்டலும், அதற்கு மேலே ஓப்செற்றும் மலிவு. 300 பிரதிகளுக்கு ஓப்செற்றில் 13,200 ரூபாய், டிஜிட்டலில் 7,500 ரூபாய். 2,000 பிரதிகளுக்கோ ஓப்செற்றில் 20,000 ரூபாய், டிஜிட்டலில் 50,000 ரூபாய். தொடக்கத்தில் சொன்ன உணவக உரிமையாளரின் குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது.

ஆனால் இக்கணக்கை இத்துடன் நிறுத்துவதுதான் பலரும் பணம் இழக்கும் இடம். மேற்சொன்ன எண்களின்படி 2,000 பிரதிகளை ஓப்செற்றில் அச்சிட்டால் ஒன்று 10 ரூபாய்தான். 25 ரூபாய்க்கு முன்னால் இது பெரும் இலாபமாகத் தோன்றும். அந்த உணவகம் 700 பிரசுரங்களை விநியோகித்த பின் விலைப்பட்டியலை மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும்? மீதி 1,300 பிரதிகளும் கழிவுக் கடதாசி. பயன்பட்ட 700 பிரதிகளுக்கு 20,000 ரூபாய் செலவாகியிருக்கிறது, ஒன்றுக்கு 28 ரூபாய்க்கு மேல். அதே 700 பிரதிகளை டிஜிட்டலில் தேவைக்கேற்ப எடுத்திருந்தால் 17,500 ரூபாயுடன் முடிந்திருக்கும். அச்சிட்ட பிரதியின் விலையைப் பார்ப்பதை விட்டுப் பயன்பட்ட பிரதியின் விலையைப் பார்க்கவேண்டும். அச்சகம் தரும் விலைமனுவில் இந்த எண் ஒருபோதும் இருக்காது. வாடிக்கையாளர்தான் அதைத் தம் தொழிலின் போக்கிலிருந்து கணிக்கவேண்டும்.

இதனால் எண்ணிக்கைக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி, இந்தத் தாளிலுள்ள செய்தி எவ்வளவு காலம் உண்மையாக இருக்கும் என்பது. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரையிலான மாதங்களே பருவகாலம். அறை வாடகையும் படகுச் சவாரிக் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. விடுதியின் படங்களையும் முகவரியையும் கொண்ட விளம்பர ஏட்டை ஓப்செற்றில் பெருமளவில் அச்சிட்டு, கட்டணங்களை மட்டும் தனித்தாளில் டிஜிட்டலில் எடுத்து உள்ளே செருகுவது இரு முறைகளின் நன்மையையும் தரும்.

கடதாசியும் டொலரும்

எண்ணிக்கை ஏறும்போது தகட்டின் பங்கு கரைந்து, விலையின் பெரும்பகுதி கடதாசியாகிவிடும். இலங்கை தனக்கு வேண்டிய கடதாசியில் பெரும்பங்கை இறக்குமதி செய்கிறது. கிழக்கு மாகாணத்திலேயே, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு வாழைச்சேனையில் கடதாசி ஆலை இயங்கிய காலம் உண்டு. நாடு அந்தத் துறையைக் காத்து வளர்த்திருந்தால் 2022இன் பொருளாதார நெருக்கடியின் அடி இவ்வளவு கடுமையாக விழுந்திருக்காது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசியும் மையும் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதன் பின் அச்சகங்கள் விலைமனுவில் சில நாட்கள் மட்டுமே செல்லுபடியாகும் என்று எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். பழைய விலையை நினைவில் வைத்துப் புதிய விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

கடதாசியில் செலவைக் குறைக்கும் மிக எளிய வழி அளவில் இருக்கிறது. அச்சகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் டிமை தாளின் அளவு 17½ அங்குலம் அகலம், 22½ அங்குலம் நீளம். 148 மில்லிமீற்றருக்கு 210 மில்லிமீற்றர் அளவுள்ள ஏ5 துண்டுப்பிரசுரம் ஒரு டிமை தாளில் 6 மட்டுமே ஒழுங்காக அகப்படும். அதையே ஐந்தரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலமாக்கினால் 8 அகப்படும். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் 1,000 பிரதிகளுக்கு முதலாவதற்கு 167 தாள்களும், இரண்டாவதற்கு 125 தாள்களும் தேவை. கடதாசிச் செலவில் கால்வாசி மீதம். டிசைன் வேலையைத் தொடங்குமுன் அச்சகத்திடம் அவர்களிடமுள்ள தாளின் அளவைக் கேட்டறிந்துகொண்டால் இந்த மீதம் கிடைக்கும். டிசைன் முடிந்த பின் கேட்டால் கிடைக்காது.

கடதாசியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அலகால் குறிப்பார்கள். ஒரு சதுர மீற்றர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். போட்டோகொப்பித் தாள் 80 அளவில் இருக்கும், பளபளப்பான துண்டுப்பிரசுரம் 130 அல்லது 150, விசிற்றிங் கார்ட் 300 அளவில் இருக்கும். இரு விலைமனுக்களை ஒப்பிடுமுன் இரண்டிலும் ஜி.எஸ்.எம். ஒன்றுதானா என்று பார்க்காவிட்டால் ஒப்பீடே பொருளற்றது.

ரைசோ

பாடசாலைகளும் தனியார் கல்வி நிலையங்களும் பரீட்சைத்தாள் அச்சிடும் இயந்திரம் இது. மெழுகுத்தாளைக் கொண்டு பிரதி எடுத்த முந்தைய ரோனியோவின் வழியில், ஜப்பானின் ரைசோ நிறுவனம் 1980இல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய மாஸ்ரர் தாளில் வெப்பத்தால் நுண்துளைகள் இட்டு, அதை மை நிரம்பிய உருளையில் சுற்றி, அத்துளைகள் வழியே மையைத் தாளில் விழவைக்கிறது. மாஸ்ரர் ஒன்றின் செலவு மிகச் சிறியது. எனவே சில நூறு முதல் சில ஆயிரம் வரையிலான ஒரு வண்ணப் பிரதிகளுக்கு இதைவிட மலிவான முறையைக் காண்பது அரிது. மை உறிஞ்சப்பட்டுக் காய்வதால் பளபளப்பான தாளில் இது உதவாது, சாதாரணத் தாளிலும் விரலால் தேய்த்தால் சற்று ஒட்டும். கோவில் திருவிழா நோட்டீஸ், வகுப்பு அட்டவணை, கூட்ட அழைப்பு ஆகியவற்றுக்கு இக்குறை பொருட்டல்ல. ரைசோவில் அச்சிட்ட கடிதத்தலைப்பைப் பின்னர் அலுவலக லேசர் பிறிண்டரில் செலுத்துவது மட்டும் கூடாது, சூட்டில் மை கலைந்து பிறிண்டரின் உருளையில் படியும்.

துணியிலும் பையிலும்

ஸ்கிறீன் பிறிண்டிங் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையின் சில பகுதிகளை ஒளியால் இறுகும் பசையால் அடைத்து, திறந்த பகுதிகள் வழியே இறப்பர் தகட்டால் மையைத் தள்ளும் முறை. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. மை தடிப்பாக விழுவதால் கறுப்புத் துணியிலும் வெள்ளை எழுத்து எடுப்பாகத் தெரியும், துவைத்தாலும் நிற்கும். 2017 செப்ரெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும் உணவு சுற்றும் தாளுக்கும் வந்த தடைகளுக்குப் பின் கடதாசிப் பைக்கும் துணிப்பைக்கும் மாறிய கடைகளுக்கு, ஒன்றிரண்டு வண்ணத்தில் கடைப்பெயரை இடுவதற்கு இதுவே ஏற்ற முறை.

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நூறு ரீசேட் என்றால் ஸ்கிறீன். ஓர் அலுவலகத்தின் எட்டுப் பேருக்குப் பல வண்ணச் சின்னத்துடன் ரீசேட் என்றால் டி.ரி.எஃப். எனப்படும் முறை: சின்னத்தை ஒரு பிளாஸ்ரிக் படலத்தில் அச்சிட்டு, ஒட்டும் தூள் தூவி, வெப்ப அழுத்தியால் துணிக்கு மாற்றுவார்கள். பருத்தி, பொலியெஸ்ரர் இரண்டிலும் அது ஒட்டும். ஆனால் நெஞ்சுப்பகுதி முழுவதும் பெரிய படம் இட்டால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில் அதை அணிந்து மைதானத்தில் நிற்பது கடினம். விளையாட்டுச் சீருடைக்குப் பொருத்தமானது சப்ளிமேசன். இங்கே சாயம் வெப்பத்தில் ஆவியாகி இழைக்குள்ளேயே கலந்துவிடுவதால் மேற்படலம் எதுவும் இராது. அது பொலியெஸ்ரரில் மட்டுமே, அதுவும் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில் மட்டுமே பிடிக்கும் என்பதை வாங்குபவர் அறிந்திருக்கவேண்டும். பருத்தித் துணியில் அந்தச் சாயம் நிற்காது.

வெயில், உப்புக்காற்று, ஈரம்

கடைமுகப்புப் பனர்கள் பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணியில் அகன்ற இன்க்ஜெட் இயந்திரங்களால் அச்சிடப்படுகின்றன. சதுர அடிக் கணக்கில் விலை. இங்கே எண்ணிக்கைக் கணக்கைவிட ஆயுட்கணக்கே முக்கியம். நேர்வெயிலில் மஞ்சளும் செந்நீலமும் முதலில் வெளிறும், நீலமும் கறுப்பும் நீடிக்கும். மேற்குப் பார்த்த பழைய பனர்களிலுள்ள மனித முகங்கள் நீலம் பூத்துக் காணப்படுவது இதனால்தான். சிவப்பெழுத்தில் தொலைபேசி இலக்கம் இட்டவர் அது மறைந்துபோவதை முதலில் காண்பார். நீண்டகாலம் நிற்கவேண்டிய பலகைக்கு முக்கியச் செய்தியைக் கறுப்பிலோ கடும் நீலத்திலோ இடுவது பாதுகாப்பு. கடற்கரையோரக் கடைகளில் பனரைவிட முதலில் பழுதாவது அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் கயிறு கோக்கும் உலோகக் கண்ணிகளும்தான். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத கண்ணிகளைக் கேட்டு வாங்கவேண்டும். நிகழ்வு ஒன்றுக்காக மட்டும் கட்டும் பனரில் திகதியைத் தனி ஒட்டாக இட்டால் அடுத்த ஆண்டும் அதே பனர் பயன்படும், குப்பையும் குறையும்.

உணவுப்பொருள் லேபல்களில் ஈரம் பெரிய எதிரி. கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளின் எருமைத்தயிர்ச் சட்டி குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் வியர்க்கும். கருவாட்டுப் பக்கற்றில் எண்ணெய் கசியும். வீட்டு இன்க்ஜெட் பிறிண்டரில் கடதாசி ஸ்ரிக்கர் அச்சிட்டு ஒட்டினால் எழுத்து கரைந்து ஓடும், ஸ்ரிக்கரும் உரியும். நீர் புகாத பிளாஸ்ரிக் வகை ஸ்ரிக்கரில் டோனராலோ நீரில் கரையாத மையாலோ அச்சிடுவது அவசியம். பொருளின் பெயர், நிகர எடை, சேர்மானம், தயாரித்தவரின் முகவரி ஆகியவை மாறாதவை. தயாரித்த திகதியும் காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் ஒவ்வொரு தடவையும் மாறுபவை. மாறாதவற்றை ஆயிரக்கணக்கில் மலிவாக அச்சிட்டு, மாறுபவற்றுக்கு வெற்றிடம் விட்டு, அன்றன்று முத்திரையாலோ சிறு இயந்திரத்தாலோ இடுவதே சிக்கனம்.

பிஸ்கற் உறை போன்ற பக்கற்றிலேயே நேரடியாக அச்சிடும் பிளெக்ஸோ, கிறேவியர் முறைகள் மிகப்பெரிய எண்ணிக்கைக்கானவை. கிறேவியருக்கு உலோக உருளைகளைச் செதுக்கும் செலவைச் சிறு உற்பத்தியாளர் தாங்கமுடியாது. வெறும் பக்கற்றில் நல்ல ஸ்ரிக்கர் ஒட்டுவதே அவருக்கு வழி.

சிட்டைப் புத்தகங்கள்

பிரதி எடுக்கும் சிட்டைக்குக் காபன் தாள் வைக்கும் பழக்கம் குறைந்து, காபனில்லாப் பிரதித்தாள் பரவியுள்ளது. மேல்தாளின் அடியிலுள்ள நுண்குமிழ்கள் பேனா அழுத்தத்தில் உடைந்து கீழ்த்தாளில் நிறத்தை உண்டாக்குகின்றன. தொடரிலக்கம் இடுவதற்கும் கிழிகோடு குத்துவதற்கும் புடைத்த எழுத்தைத் தாளில் அழுத்தி அச்சிடும் பழைய லெற்றர்பிரஸ் இயந்திரங்களைப் பல அச்சகங்கள் இன்றும் கைவிடவில்லை, அந்த வேலையில் அவை மிக நம்பகமானவை. 2024 ஜனவரி முதல் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 வீதம். வரிப்பதிவு உள்ள வணிகர் சிட்டை அச்சிடுமுன் பதிவிலக்கமும் தொடரிலக்கமும் உரிய இடத்தில் உள்ளனவா என்று தம் கணக்காளரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடைகளின் சிறு பில் இயந்திரம் தருவது வெப்பத்தாள். அதில் மையே இல்லை, தாளின் பூச்சு சூட்டில் கறுக்கிறது. வெயில் படும் மேசையிலோ வாகனத்துக்குள்ளோ சில வாரம் கிடந்தால் எழுத்து மறைந்துவிடும். உத்தரவாதத்துடன் பொருள் விற்கும் கடைகள் இதை மட்டும் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி. கையெழுத்துச் சிட்டையோ சாதாரணத் தாளில் அச்சிட்ட பிரதியோ சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

கோப்பு, எழுத்துரு, நிறம்

முறையைச் சரியாகத் தெரிவு செய்தும் வேலை கெடுவது பெரும்பாலும் கோப்பிலேதான்.

1. எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறும். யூனிகோட்டில் தட்டச்சிட்டதைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து "கொ", "கோ" முதலியவை சிதையும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தால் இரண்டும் நேராது. மாற்றுவதற்குமுன் திருத்தக்கூடிய பிரதியொன்றையும் சேமித்துக்கொள்ளவேண்டும்.

2. மும்மொழி. திருகோணமலையில் பெரும்பாலான அறிவித்தல்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வருகின்றன. ஒவ்வொரு மொழியையும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் புரூப் (அச்சுக்கு முந்தைய மாதிரித்தாள்) பார்க்கவேண்டும். தெரியாத எழுத்தைக் கணினியிலிருந்து எடுத்து ஒட்டி அப்படியே அச்சேற்றுவது, அந்த மொழி பேசும் வாடிக்கையாளரை மதியாத செயல்.

3. நிறம். கைத்தொலைபேசித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள கடலின் பளிச்சிடும் பச்சைநீலத்தை நான்கு மைகளால் முழுமையாகக் கொண்டுவர முடியாது, சற்று மங்கியே விழும். இது அச்சகத்தின் தவறன்று. டிசைன் நிலையிலேயே படத்தைச் சி.எம்.வை.கே.க்கு மாற்றிப் பார்த்தால் ஏமாற்றம் இராது.

4. படத்தின் நுணுக்கம். தாளில் கூர்மையாக விழ அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய, 1,600 புள்ளி நீளமுள்ள படம் 5 அங்குலத்துக்குச் சற்று மேலேதான் தாங்கும். பனருக்கு இந்தக் கட்டுப்பாடு தளரும், அதைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள்.

5. சிறிய எழுத்து. நுண்ணிய தமிழெழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அமைக்கவேண்டும். நான்கு மைகளின் கலவையில் அமைத்தாலும், கடும் நிறத்தின் நடுவே வெள்ளையாக விட்டாலும், வண்ணங்கள் நூலிழை விலகிய கணத்தில் புள்ளிகளும் சுழிகளும் அடைபட்டுப்போகும்.

விலைமனு கேட்கும்போது

அளவு, கடதாசியின் ஜி.எஸ்.எம்., ஒரு பக்கமா இரு பக்கமா, எத்தனை வண்ணம், மடிப்பும் லமினேசனும் உண்டா, வற் வரி சேர்ந்ததா என்பவற்றை எழுத்தில் கொடுத்து, மூன்று எண்ணிக்கைகளுக்கு விலை கேட்பது நல்லது. மூன்று விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆரம்பச் செலவு எவ்வளவு, பிரதிச் செலவு எவ்வளவு என்பது சிறு கணக்கிலேயே வெளிப்படும். கொழும்பிலுள்ள பெரிய அச்சகத்தின் விலை குறைவாக இருந்தால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போக்குவரத்துக் கூலியையும், பிழை நேர்ந்தால் திருப்பி அனுப்பும் நாட்களையும் அதில் சேர்க்கவேண்டும். பெரிய எண்ணிக்கையில் அப்போதும் இலாபம் இருக்கலாம். சில நூறு பிரதிகளுக்குப் பெரும்பாலும் இராது, உள்ளூர் அச்சகத்தில் நேரில் நின்று முதல் தாளைப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பும் கைவிட்டுப் போகும்.

புரூப்பில் கையெழுத்திடுமுன் தொலைபேசி இலக்கத்தைத் திரையில் வாசித்தால் போதாது, அந்த இலக்கத்துக்கு அழைத்தே பார்க்கவேண்டும். முற்பணம் கொடுக்கும்போதே இரண்டு விடயங்களைப் பேசி முடிக்கலாம். டிசைனுக்குத் தனியாகப் பணம் வாங்கினால், திருத்தக்கூடிய கோப்பு வாடிக்கையாளருக்குத் தரப்படுமா என்பது ஒன்று. ஓப்செற் தகடுகளை மறுபதிப்புக்காக எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது மற்றது. பசை பூசிச் சரியாகப் பாதுகாக்காத அலுமினியத் தகடு ஈரமும் உப்புமுள்ள காற்றில் அரித்து, மறுமுறை ஏற்றும்போது வெற்றிடங்களிலும் மை பிடிக்கும். சில மாதங்களுக்குள் மறுபதிப்பு வரும் என்று தெரிந்தால் அதை முதலிலேயே சொல்லிவைப்பது இரண்டாம் தடவையின் தகட்டுச் செலவை மீதப்படுத்தும்.